நாலு கம்பியும் ஒரு பழைய கணக்கும்

ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நிற்கும். முன்னால் பொன்மலைச் சந்தையில் வாங்கிய காய்கறிப் பை. முதுகில் உறை போட்ட பேஸ் கிட்டார். 76 வயது மனிதர் இப்படி வந்து இறங்குவதைப் பார்த்து, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் திகைத்துப் போவார்கள். என் மனைவிக்கு அந்தத் திகைப்பு போய் நாற்பது வருஷம் ஆகிறது. "உங்க அண்ணன் வந்தாச்சு. இனிமே மத்தியானம் வரைக்கும் வோல்ட், ஓம், வாட்டுதான்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போய்விடுவாள்.

அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் இல்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார் என்பதால் 'பொன்மலை அண்ணன்' என்றே எழுதுகிறேன். நான் வங்கியில் குமாஸ்தா. பகலில் அவர் இரும்போடும் நான் லெட்ஜரோடும் மல்லுக்கட்டுவோம். ராத்திரியில் இருவரும் மெல்லிசைக் கச்சேரி மேடைகளில் பேஸ் கிட்டார் வாசித்தோம். அவர் ஒரு குழு, நான் ஒரு குழு. குழுக்களுக்குள் போட்டி உண்டு. எங்கள் இருவருக்குள் கிடையாது. ஒரே மேடையில் இரண்டு பேஸ் கிட்டாருக்கு இடமில்லை என்பதால், சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பும் எங்களுக்குக் கிடைத்ததில்லை. அதனால் பேசியே தீர்த்துக்கொண்டோம்.

பேஸ் கிட்டாரைப் பற்றி இரண்டு வரி. சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலு. கம்பி ஒவ்வொன்றும் தடிமன். கழுத்து நீளம். அடியில் உள்ள கம்பியைத் தட்டினால் வினாடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வு. காது கேட்பதைவிட நெஞ்சுக்குழி அதிகமாகக் கேட்கும். 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஆள் உயரத்துக்கு ஒரு டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். பாட்டுக்கு இது வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அஸ்திவாரத்தைப் பார்த்து "நன்றாக இருக்கிறதே" என்று சொல்வதில்லை.

எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது இளையராஜா வந்த பிறகுதான். 1979இல் வந்த 'பகலில் ஓர் இரவு' படத்தில் எஸ்.பி.பி. தனியாகப் பாடிய பாட்டு ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். அதில் பேஸ் கிட்டார் குரலுக்குப் பின்னால் நடக்காது, கூடவே நடக்கும். ராஜா குழுவில் பேஸ் வாசித்த சசிதரன் எங்களுக்கெல்லாம் ஏகலைவனின் துரோணர். டேப் ரெக்கார்டரில் அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, நாடா இழுபட்டுச் சுருதியே இறங்கிவிட்டது. அண்ணன் இறங்கின சுருதியிலேயே பாடம் பண்ணிவிட்டார்.

என் கிட்டார் 1977இல் வாங்கியது. பொன்மலை ரயில்வே காலனியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது விற்றுவிட்டுப் போனார்கள். என் இரண்டு மாதச் சம்பளம். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்தப் பெரியவர்தான் ரயில்வே இன்ஸ்டிடியூட் நடனங்களுக்கு வாசித்தவர். அண்ணனுக்கு விரல் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. கிட்டாரை என் கையில் கொடுக்கும்போது ஒரு பழைய பனியன் துணியையும் சேர்த்துக் கொடுத்தார். "வாசிச்சதும் துடை. உன் வேர்வைதான் இதுக்கு விரோதி" என்றார். அதைவிடப் பெரிய பராமரிப்பு ரகசியம் எதையும் இந்த 48 வருஷத்தில் நான் தெரிந்துகொள்ளவில்லை.

கம்பி கிடைப்பதுதான் அந்தக் காலத்தில் பெரும்பாடு. சென்னைக்கு யார் போனாலும் மவுண்ட் ரோடு மியூசி மியூசிக்கலிலும் பர்மா பஜாரிலும் விசாரித்து வரச் சொல்வோம். கிடைத்தால் விலை கேட்டு மயக்கம் வரும். அதனால் பழைய கம்பியைப் புதுசாக்கும் வைத்தியத்தை அண்ணன் கற்று வைத்திருந்தார். கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் போடுவது. சுற்றுக் கம்பியின் இடுக்கில் ஏறியிருக்கும் எண்ணெயும் அழுக்கும் கரைந்து வெளியே வரும். உடனே துடைத்து வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். ஈரம் நின்றால் துரு. மறுபடி மாட்டினால் கணீரென்று பேசும். நாலைந்து கச்சேரிக்குத் தாங்கும். வைத்தியம் உண்மையானதுதான். ஆனால் அண்ணி ரசம் வைக்கிற ஈயம் பூசின பித்தளைப் பாத்திரத்தில் அவர் அதைச் செய்ததுதான் தப்பு. "உங்க வீட்டு ரசத்துல இரும்புச் சத்து ஜாஸ்தி" என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

அடுத்தது கழுத்து. நாலு கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு ஏறக்குறைய 70, 80 கிலோ இருக்கும். ஓர் ஆள் விடாமல் தொங்குகிற மாதிரி. அந்த இழுப்பில் மரம் வில்லாக வளையாமல் இருக்க, கழுத்துக்குள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. ஐப்பசி மழையில் மரம் ஒரு மாதிரி இருக்கும். சித்திரை வெயிலில் வேறு மாதிரி. முதல் கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் கம்பியை அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழாவது எட்டாவது கட்டைப் பக்கம் பார்க்க வேண்டும். கம்பிக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் சரி. இல்லையென்றால் சாவி போட்டு அந்த இரும்பைத் திருப்ப வேண்டும். இங்கேதான் அண்ணன் கட்டளை: "கால் சுத்து. அதுக்கு மேல வேண்டாம். திருப்பிட்டு வீட்டுக்குப் போ. நாளைக்கு வந்து பாரு. மரம் யோசிச்சுதான் பதில் சொல்லும்."

இதெல்லாம் கிட்டார் கதை. ஆனால் பேஸ் வாசிக்கிறவனுக்குக் கிட்டார் பாதிதான். மீதிப் பாதி ஆம்ப்ளிஃபயர்.

அந்தக் காலத் திருவிழாக் கச்சேரிகளை நினைத்துப் பாருங்கள். பனைமரத்திலும் சவுக்குக் கம்பத்திலும் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். பாடகர் குரல் மூன்று ஊருக்குக் கேட்கும். ஆனால் அந்தக் கூம்பு, சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே உள்ள எதையும் வெளியே விடாது. அதன் உடல்வாகு அப்படி. எங்கள் சத்தமோ நாற்பதிலிருந்து ஆரம்பம். மைக் செட்டோடு கிட்டாரை இணைத்தால், ராத்திரி முழுவதும் விரல் தேய வாசித்தாலும், தகர டப்பாவில் கட்டெறும்பு நடக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் வெளியே வரும். எனவே பேஸ்காரனுக்குச் சொந்தமாக ஆம்ப் வேண்டும். பெரிய ஸ்பீக்கர் வேண்டும். அதற்குக் காற்றுப் புகாத நல்ல மரப்பெட்டி வேண்டும். ஸ்பீக்கரின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலந்துவிட்டால், கீழ்ச் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும்.

என்னிடம் ஆம்ப் இல்லை. அண்ணனிடம் இருந்தது. அவரே செய்தது.

ஈ.எல்.34 வால்வு இரண்டு, 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. ஆம்ப் தனி, ஸ்பீக்கர் பெட்டி தனி. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். மெயின்கார்டு கேட் பக்கம் காயில் கட்டுகிற ஒருவரிடம் போய் உட்கார்ந்து, சுற்று எண்ணி எண்ணிக் கட்டி வாங்கியிருந்தார். ஒரு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குள் இருந்தன. சுவிட்சைப் போட்டால் அரை நிமிஷம் கழித்து வால்வுகள் கார்த்திகை அகல் மாதிரி மெல்லச் சிவக்கும். அடிக்கம்பியைத் தட்டினால் மேடைப் பலகை அதிர்ந்து, உட்கார்ந்திருக்கும் தபேலாக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

அதில் லேசான ஹம்மிங் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 அதிர்வு. அடிக்கம்பியில் மூன்றாவது கட்டையில் வருகிற சுரம் 49. கிட்டத்தட்ட ஒன்று. "கரண்டே நமக்குச் சுருதி போடுது தம்பி, தம்புராவுக்குத் தனியா ஆள் எதுக்கு?" என்பார். சொல்லிவிட்டு எர்த் வயரைச் சரிபார்ப்பார்.

கச்சேரி இல்லாத நாளில் அந்த ஆம்ப்பை எனக்குத் தருவார். வாடகை கிடையாது. ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்று விதிகளைச் சொல்லாமல் தரமாட்டார். ஒன்று, வால்வு ஆறுகிற வரை வண்டியில் ஏற்றாதே. இரண்டு, பின்பலகையைத் திறக்காதே. சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே 400 வோல்ட் உட்கார்ந்திருக்கும். மூன்றாவதை மட்டும் என் கண்ணைப் பார்த்துச் சொல்வார்: "ஸ்பீக்கர் ஜாக் மாட்டியிருக்கான்னு கையால தொட்டுப் பாக்காம ஆன் பண்ணாதே. டிரான்சிஸ்டருக்கு ஷார்ட் ஆகாது. வால்வுக்கு வெறுமை ஆகாது."

அது உண்மை. 3055 டிரான்சிஸ்டர் போட்ட ஆம்ப்பில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் சும்மா இருக்கும். வயர் ஒன்றோடொன்று தொட்டால்தான் போகும். வால்வு ஆம்ப் நேர்மாறு. ஸ்பீக்கர் இல்லாமல் அதில் பலமாக வாசித்தால், போக வழியில்லாத சக்தி டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே மோதித் திரும்பும். அழுத்தம் ஏறி ஏறி, சுருளின் காப்பு பொத்துக்கொள்ளும்.

1983, லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாரியம்மன் திருவிழா. ராத்திரி பத்து மணிக்குக் கச்சேரி ஆரம்பம். நான் விதிப்படி ஜாக்கைத் தொட்டுப் பார்த்துத்தான் ஆன் பண்ணினேன். பாதிக் கச்சேரியில், பாடகருக்குக் கோலி சோடா கொண்டுவந்த ஒரு பையன் ஆம்ப்புக்குப் பின்னால் வயரில் கால் தடுக்கி விழப்பார்த்தான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அடுத்த பாட்டில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. டிரம்ஸ் ஓங்கிவிட்டது என்று நினைத்து வால்யூமைக் கூட்டினேன். அப்படியும் கேட்கவில்லை. முழுக்கத் திருப்பிவிட்டு விரலில் ரத்தம் கட்டுகிற மாதிரி வாசித்தேன். பாடகர் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என்னவோ குறைகிறது, ஆனால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. ஜனங்கள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது பாட்டு முடியும்போது வார்னிஷ் கருகுகிற வாசனை வந்தது.

குனிந்து பார்த்தேன். ஸ்பீக்கர் ஜாக் மண்ணில் கிடந்தது.

அப்போது நான் செய்ததை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. ஆம்ப்பை அணைத்தேன். சுற்றிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. ஜாக்கை எடுத்து, மண்ணைத் துடைத்து, அது இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினேன். பிறகு "என்னாச்சு?" என்று கேட்ட குழுத் தலைவரிடம், "ஜெனரேட்டர் வோல்டேஜ் ஏறிடுச்சு போல. ஆம்ப் போச்சு" என்றேன்.

ஜெனரேட்டர்காரருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். ஒரு ஜெனரேட்டர், நாலு கூம்பு, கொஞ்சம் ட்யூப் லைட். அதுதான் அவருடைய மொத்த சவுண்ட் சர்வீஸ். விடிய விடிய டார்ச் லைட்டோடு அதன் பக்கத்திலேயே நிற்பார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "என் ஜெனரேட்டர் அப்படிப் பண்ணாதுங்க."

மறுநாள் அண்ணனிடம் அதே பொய்யைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன் மேல என்ன தப்பு இருக்கு, விடு" என்றார். அவருக்கு அப்போது பணிமனையில் ராத்திரி ஷிஃப்ட். ஆம்ப்பை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே காயில் கட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் டீக்கடையில் ஜெனரேட்டர்காரரைப் பார்த்ததும், நாலு பேர் முன்னால் சத்தம் போட்டிருக்கிறார். விஷயம் பரவி, எங்கள் இரண்டு குழுவும் அந்த வருஷம் முழுக்க அவரைக் கூப்பிடவில்லை. திருவிழா மாதங்களில் சம்பாதித்து வருஷம் முழுக்கச் சாப்பிடுகிற தொழில் அது.

ஆம்ப் சரியாகி வந்தது. மறுபடியும் எனக்குத் தந்தார். மறுபடியும் மூன்று விதிகளைச் சொன்னார். நான் தலையாட்டினேன். எண்பதுகளின் கடைசியில் கீபோர்டு வந்து, பேஸையும் இடது கையாலேயே வாசித்துவிட, எங்கள் இருவருக்கும் மேடை இல்லாமல் போயிற்று. நட்பு மட்டும் நின்றது. அந்தப் பொய்யும் கூடவே நின்றது.

சென்ற ஐப்பசியில் என் தங்கை பேரன் வந்திருந்தான். பொறியியல் படிக்கிறான்; கல்லூரிக் குழுவில் அவனும் பேஸ் கிட்டார். அவனுடைய ஆம்ப் 500 வாட், எடையோ இரண்டு கிலோ சொச்சம்! எங்கள் வால்வு ஆம்ப்பைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அண்ணன் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கு" என்றார். எங்கிருந்தோ ஒரு பழைய வால்வு ஆம்ப்பையும் பையன் வாங்கியிருந்தான். அதைப் பற்றிக் கேட்கத்தான் வந்தான்.

அண்ணனுக்குக் குஷி வந்துவிட்டது. அவருக்கு இப்போது காது மந்தம். வயதானால் முதலில் போவது மேல் சுரங்கள். ச, ஸ, த எல்லாம் கலைந்துவிடும். பேரன் பேத்திகள் பேசுவது புரியாது. ஆனால் அடிக்கம்பி மட்டும் அப்படியே கேட்கிறது. "பேஸ்காரனுக்குக் கடவுள் கொடுத்த பென்ஷன்" என்பார். பையனிடம் மூன்று விதிகளையும் சொன்னார். கதையும் சொன்னார்: "இப்படித்தான் 83ல, லால்குடிப் பக்கம், ஜெனரேட்டர் வோல்டேஜ் ஏறி என் டிரான்ஸ்ஃபார்மர் போச்சு."

பையன் கொஞ்சம் யோசித்தான். "எந்த டிரான்ஸ்ஃபார்மர் தாத்தா, மெயின்ஸ் பக்கமா, ஸ்பீக்கர் பக்கமா?"

"ஸ்பீக்கர் பக்கம்."

"வோல்டேஜ் ஏறியிருந்தா ஃபியூஸ்தானே முதல்ல போகும்? ட்யூப் லைட்டெல்லாம் எரிஞ்சுக்கிட்டுதான இருந்துச்சு?"

அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அவர் மனசுக்குள் அந்தச் சர்க்யூட்டை ஒவ்வொரு வயராகப் பிடித்துக்கொண்டு போவது எனக்குத் தெரிந்தது. ஸ்பீக்கர் ஜாக் வரைக்கும் போக அவருக்கு இன்னும் அரை நிமிஷம் ஆகும். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். பையன் இருக்கிறான் என்றுகூடப் பார்க்கவில்லை. சோடாப் பையன், மண்ணில் கிடந்த ஜாக், நான் அதைத் துடைத்து மாட்டியது, எல்லாம்.

அவர் கேட்டது ஒன்றுதான். "டிரான்ஸ்ஃபார்மர் போனாப் போகுது தம்பி. அந்த ஆளை நான் நாலு பேர் முன்னாடி கை நீட்டிப் பேசினேனே, அதுக்கு என்ன பண்றது?"

கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். காப்பி அப்படியே இருந்தது.

இரண்டு ஞாயிறு ஸ்கூட்டர் வரவில்லை. போன் செய்தால் அண்ணிதான் எடுத்தார்கள். "தூங்கறாங்க" என்றார்கள். காலை பத்து மணிக்கு. மூன்றாவது ஞாயிறு வந்தார். காய்கறிப் பை இல்லை, கிட்டார் இல்லை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "சட்டையைப் போட்டுக்கிட்டு வா" என்றார். பஸ்ஸில் லால்குடி போய்ச் சேருகிற வரை பேசவில்லை.

நாலு இடத்தில் விசாரித்து அந்தக் கடையைக் கண்டுபிடித்தோம். இப்போது மகன் நடத்துகிறார். கூம்பு ஸ்பீக்கர் ஒன்றுகூட இல்லை. ஆள் உயரத்துக்குப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. 18 அங்குல ஸ்பீக்கர் போட்ட பெட்டிகளும் இருந்தன. இவை மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால் எங்கள் வாசிப்பும் ஊருக்குக் கேட்டிருக்கும். அப்பா எங்கே என்று கேட்டோம். இறந்து பத்து வருஷம் ஆயிற்று என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். இது நான் சொல்ல வேண்டியது. சொன்னேன். அவருடைய அப்பாவின் ஜெனரேட்டரில் அன்று ஒரு கோளாறும் இல்லை, தப்பு என்னுடையது, பழியை அவர் மேல் போட்டேன் என்றேன். அண்ணன், "சத்தம் போட்டவன் நான்" என்றார். மகனுக்கு ஐம்பது வயது இருக்கும். நாங்கள் எதற்காக வந்திருக்கிறோம் என்பது அவருக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு மரப்பலகையைத் தூசி தட்டி எடுத்துவந்தார். பலகை நடுவில் வட்டமான பெரிய வோல்ட் மீட்டர் ஒன்று திருகி வைத்திருந்தது.

"அப்பா எந்த ஊருக்குப் போனாலும் இதை ஜெனரேட்டர் மேல மாட்டி, மேடைக்குத் தெரியற மாதிரி திருப்பி வைப்பாருங்க. முள்ளு தெரியணும்னு அதுக்குன்னே ஒரு பல்பு வேற போடுவாரு. எதுக்குப்பா இதுன்னு நான் கேட்டதுண்டு. 'அவங்களுக்குத் தெரியணும்'னு மட்டும் சொல்வாரு. யாருக்குன்னு சொன்னதில்லை."

எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அந்த மீட்டரை எத்தனை மேடைகளில் பார்த்திருக்கிறேன்! அடுத்த வருஷத்திலிருந்து அவர் மறுபடி எங்கள் கச்சேரிகளுக்கு வந்தபோது அது அங்கே இருந்தது. நன்றாகத் தொழில் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அது எனக்குச் சொல்லப்பட்ட பதில் என்று தோன்றவே இல்லை.

மகன் டீ வாங்கிக் கொடுத்தார். கோபமும் இல்லை, சமாதானமும் சொல்லவில்லை. கிளம்பும்போது, "அம்மா இருக்காங்க. அவங்ககிட்ட சொல்றேன். சந்தோஷப்படுவாங்க" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் பேசினார். "முள்ளுக்குன்னு தனி பல்பு போட்டிருக்காரு பாரு" என்றார். அவ்வளவுதான்.

இதை எழுதலாமா என்று அவரைக் கேட்டேன். "எழுது. ஜாக் விஷயத்தைத் தெளிவா எழுது. நாலு பேருக்கு உபயோகப்படும்" என்றார்.

ஆகவே, வீட்டில் பழைய வால்வு செட் வைத்திருக்கும் நண்பர்களே, ஸ்பீக்கரை மாட்டாமல் அதை ஆன் பண்ணாதீர்கள். ஸ்பீக்கருக்குத் தடிமனான வயர் போடுங்கள். கிட்டார் வயர் ஆகாது. வயரை ஆள் நடக்கிற இடத்தில் விடாமல், ஒரு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் கைப்பிடியில் கட்டி வையுங்கள். யாராவது தடுக்கினாலும் ஜாக் கழறாது. இந்த ஒரு முடிச்சு அன்று போட்டிருந்தால், இந்தக் கதை இல்லை.

போன ஞாயிறு தங்கை பேரனின் வால்வு ஆம்ப் எங்கள் வீட்டுக்கு வந்தது. அண்ணன் கண்டென்சர்களை மாற்றி, எர்த் கொடுத்து, தயார் செய்துவிட்டார். சுவிட்சில் கை வைத்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து பின்பக்கம் போய், குனிந்து, ஜாக்கைக் கையால் தொட்டுப் பார்த்தேன். முடிச்சையும் பார்த்தேன்.

"இருக்குண்ணே" என்றேன்.

இனிமேல் அது என் வேலை என்று சொல்லிவிட்டார்.